பழைய ஐகானை ஒரு அங்குலம் இறக்குவது எப்படி

என்னிடம் இருப்பது 2002 மாடல் ஃபோர்டு ஐகான் கார், 1.6 லிட்டர் ராகாம் எஞ்சின். மறைமலை நகரில் செய்த வண்டி. கூடுவாஞ்சேரியில் என் வீட்டிலிருந்து அந்தத் தொழிற்சாலை பத்து கிலோமீட்டர்கூட இல்லை. மாதம் ஒரு முறை அம்மாவை மதுராந்தகம் அழைத்துப் போக வேண்டும். அம்மாவுக்கு முதுகுத் தேய்மானம். எனக்கோ, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் அந்த இடைவெளியைப் பார்த்தாலே பிடிக்காது. இரண்டு பேரையும் ஒரே வண்டி திருப்திப்படுத்த எனக்கு இரண்டு முயற்சி ஆனது.

முதல் முயற்சி படு தோல்வி. 2009-இல் ஒரு பட்டறையில் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டி மாட்டிக் கொடுத்தார்கள். அரை நாள் வேலை, செலவும் சொற்பம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேகத்தடை ஏறி இறங்கினால் ‘டம்’மென்று ஒரு சத்தம், அம்மாவிடமிருந்து ஒரு ‘அய்யோ’. மூன்றே மாதத்தில் முன் ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்) இரண்டிலும் ஆயில் கசிந்தது.

வண்டி இறங்கியதால் மட்டும் சொகுசு போவதில்லை. சக்கரம் மேலே ஏற இருக்கும் இடம் தீர்ந்துபோய், ஷாக் கம்பியில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதுகிறதே, அங்கேதான் போகிறது. 25 மி.மீ. இறக்கினால் அந்த இடத்தில் 25 மி.மீ. போச்சு. அதனால் எவ்வளவு இறக்கலாம் என்பதைக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும்.

அளப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் வலது முன்பக்கம் இடதை விட 8 மி.மீ. தாழ்ந்திருந்தது. பல வருடம் டிரைவர் மட்டுமே உட்கார்ந்து ஓட்டிய வண்டி அப்படித்தான் இருக்கும். பழைய ஸ்பிரிங் தானாகவே கொஞ்சம் தொய்ந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேபிள் டை சோதனை. ஷாக்கின் தூசி உறையை மேலே தூக்கிவிட்டு, பளபளக்கும் கம்பியில் ஒரு சின்ன கேபிள் டையைக் கட்டி, ஷாக்கின் உடம்பைத் தொடும்படி கீழே தள்ளிவிடுங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, நீங்கள் தினமும் போகும் மோசமான சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். திரும்பி வந்து அதே ஆட்களோடு நிறுத்திப் பார்த்தால் டை மேலே ஏறி நிற்கும். ஷாக்கின் உடம்புக்கும் டைக்கும் நடுவில் இருப்பது நீங்கள் செலவழித்தது. டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் இருப்பது கையிருப்பு. எனக்கு முன்னால் 28 மி.மீ. மிச்சம் இருந்தது. அதனால் 25-க்கு மேல் ஆசைப்படவில்லை. உங்களுக்கு 10 மி.மீ.தான் மிச்சம் என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது.

ஸ்பிரிங்குக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் பாகங்களின் ரப்பரைப் பாருங்கள். இருபது வருட வண்டியில் லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் (முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கால்) மவுண்ட், லிங்க் ராடு, பின் ஆக்சில் புஷ் எல்லாம் கல்லாகவோ கந்தலாகவோ ஆகியிருக்கும். இவற்றை மட்டும் மாற்றியதிலேயே பாதி ‘கடகட’ நின்றுவிட்டது. சில பேருக்கு இதோடு ஆசையும் அடங்கிவிடலாம், பணம் மிச்சம்.

சரி, ஸ்பிரிங். வெட்டாதீர்கள், கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைக்கவும் செய்யாதீர்கள். சூடு பட்டால் பதம் போய்விடும். வெட்டினால் சுற்று குறைந்து ஸ்பிரிங் விறைக்கும். ஆறு சுற்றில் ஒன்றை எடுத்தாலே 20 சதவீதம் விறைப்பு கூடும். அதைவிட ஆபத்து, ஜாக்கி போட்டுச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். அம்பத்தூர் பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் பழையதைக் கொடுத்துப் புதிதாகச் சுற்றித் தரச் சொன்னேன். அங்கே இருந்த பெரியவர் முதலில் கேட்டது, “எவ்ளோ இறக்கணும்னு சொல்லாதீங்க சார், பின்னாடி யார் உக்காருவாங்க, அதைச் சொல்லுங்க.”

இறக்கிய வண்டி பம்ப் ஸ்டாப்பில் மோதாமலிருக்க ஸ்பிரிங் கொஞ்சம் விறைக்கத்தான் வேண்டும், ஆனால் அளவோடு. ஸ்பிரிங் கம்பி அரை மி.மீ. தடித்தாலே பெரிய வித்தியாசம் வரும். 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 12.5 போட்டால் சுமார் 18 சதவீதம் விறைக்கும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. வண்டி மேலும் கீழும் ஆடும் வேகமோ அதனால் 8, 9 சதவீதம்தான் கூடும். பின்சீட்டில் இருப்பவர் அதைப் பெரிதாக உணர மாட்டார். இங்கே எல்லோரும் சறுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஸ்பிரிங் 270 கிலோ தாங்குகிறது, மி.மீ.க்கு 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது 135 மி.மீ. அமுங்கும். 18 சதவீதம் விறைத்த புதியது 114-தான் அமுங்கும். ஆக, வண்டி 25 இறங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கின் நீளத்தை 25 அல்ல, 46 மி.மீ. குறைக்க வேண்டும். இது தெரியாமல் சுற்றினால் வண்டி பேருக்குத்தான் இறங்கும். சுற்றி முடித்த பின் பதம் போட்டு, ஷாட் பீனிங் (சின்ன இரும்புக் குண்டுகளை வீசி மேற்பரப்பை உறுதியாக்குவது) செய்து, முழுக்க அமுக்கி எடுத்துத்தான் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் தானாகவே இன்னும் இறங்கும்.

ஷாக் நான்கும் புதிது போடுங்கள். விறைப்பு 20 சதவீதத்துக்குள் இருந்தால் கம்பெனி ரகமே தாங்கும். பம்ப் ஸ்டாப்பில் கெட்டி ரப்பர் வேண்டாம். நுரை போன்ற பாலியூரித்தேன் வாங்குங்கள், மெல்ல மெல்ல அமுங்கும். நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் தட்டையான மேல்பக்கத்தில் வெட்டுங்கள். கூர்ந்த முனைதான் மெத்தென்ற பகுதி, அதை வெட்டினால் வாங்கியதே வீண். அப்புறம், ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் ஸ்ட்ரட்டைக் கழற்றாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும்.

மாட்டும்போது பட்டறையில் பக்கத்தில் நில்லுங்கள், ஒரே ஒரு விஷயத்துக்காக. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டையும் பின் ஆக்சில் புஷ் போல்ட்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கிவிடுவார்கள். அந்த இடத்திலேயே ரப்பர் கடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது முறுக்கிய துணி மாதிரி நிற்கும், ஒவ்வொரு குழியிலும் எதிர்த்து இழுக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் போட்டுவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, சக்கரத்தில் எடை நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. பள்ளம் உள்ள பட்டறை என்றால் ஐந்து நிமிட வேலை. என் மெக்கானிக் முனகினார், ஆனால் செய்தார்.

டயரில் பந்தா வேண்டாம். ஐகானுக்கு 175/65 ஆர்14 போட்டால் பக்கச்சுவர் 114 மி.மீ. இருக்கும். 195/50 ஆர்15-க்குப் போனால் 97.5-தான். ஸ்பிரிங்கில் சம்பாதித்த சொகுசை அங்கே தொலைக்க வேண்டியதில்லை. 300 கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள். முன்னால் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) நிச்சயம் மாறியிருக்கும், விட்டால் டயரின் உள்விளிம்பு தேயும். பின்னால் இருப்பது ஒரே துண்டு பீம், அதில் திருத்த ஒன்றுமில்லை. ஹெட்லைட் வெளிச்சத்தையும் சரிசெய்யுங்கள்.

இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படிக் கட்டியதில் என் வண்டி உரசாது. எங்கள் தெருவில் இருப்பதோ யாரோ சிமென்ட் மிச்சத்தில் எழுப்பிய மேடு. அதில் குறுக்காகத்தான் ஏறுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே செய்வதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கப் போய் நிற்கவும் வேண்டும். பழைய நிலைக்கே திரும்ப வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று, கம்பெனி ரக ஸ்பிரிங் நான்கை வாங்கி, எண்ணெய் தடவி, சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன். மதுராந்தகம் போகும் வழியில் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிடும் அம்மா, வீட்டில் அந்தச் சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடச் சொல்கிறார்.