கைடு புத்தகத்தோடு ட்ரௌட் மீன் பிடிக்க ஆற்றுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்தால் நியூயார்க் மாநிலத்தின் ராஸ்கோ ஊர்ப்பக்கம் இந்தக் காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். நியூஜெர்சி நம்பர் பிளேட் கார், டேஷ்போர்டில் கேட்ஸ்கில் மலை ஆறுகளைப் பற்றிய ஒரு கைடு புத்தகம், பின் சீட்டில் ஆற்றுக்குள் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டையான வேடர்ஸ், மடிப்புக்கூடக் கலையாமல். நானும் அப்படி வந்து இறங்கியவன்தான். ஃப்ளையை, அதாவது பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் இரையை, மரக்கிளையில் மாட்டுவது, வழுக்குப் பாறையில் விழுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதை விட்டுவிடுவோம். புத்தகத்தைத் தப்பாகப் படிப்பதால் வரும் வினைகள் அப்படிச் சரியாவதில்லை.

அச்சான வருடத்தைப் பார்க்காதது

2021 ஏப்ரலில் நியூயார்க் மாநிலம் ட்ரௌட் ஓடைகளுக்கான விதிகளை அடியோடு மாற்றியது. இப்போது பெரும்பாலான ஓடைகளில் அக்டோபர் 16 முதல் மார்ச் 31 வரையும் மீன் பிடிக்கலாம். செயற்கை இரை மட்டும்தான், பிடித்ததை விட்டுவிட வேண்டும். பழைய பதிப்பை வைத்திருப்பவர் அக்டோபரோடு கடை மூடிவிட்டது என்று வீட்டில் இருப்பார். இன்னொன்று, 2006 ஜூன் வெள்ளம். அதற்கு முன் எழுதியவர் 'பாலத்துக்குக் கீழே ஆழமான மடு' என்று எழுதியிருந்தால், அங்கே இன்று கணுக்கால் அளவு கூழாங்கல் திட்டு இருந்தாலும் இருக்கும்.

ஆற்றுக்குப் புத்தகம் போட்ட நட்சத்திரங்களை எண்ணுவது

அந்த நட்சத்திரங்களை எல்லாரும்தான் எண்ணியிருக்கிறார்கள்.

சாலையும் ஆறும் ஒட்டிப் போனால் இறங்கிவிடலாம் என்று நினைப்பது

இந்த மாநிலத்தில் சிற்றாறுகளின் கரை மட்டுமல்ல, அடிநிலமும் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். மேல் பீவர்கில் ஆற்றின் பெரும்பகுதி கிளப்புகளின் கையில் இருக்கிறது. புத்தகத்தில் அதைப் பற்றி வாயூற எழுதியிருப்பார்கள், நமக்கு உள்ளே வழி கிடையாது. மஞ்சள் நிற 'பப்ளிக் ஃபிஷிங்' பலகையைத் தேடுங்கள். நில உரிமையாளர்களிடமிருந்து மாநில அரசு மீன்பிடி உரிமையை மட்டும் வாங்கி வைத்திருக்கும் இடம் அது. வழக்கமாகக் கரையோரம் 33 அடி அகலம். அங்கே மீன் பிடிக்கலாம், ஜமக்காளம் விரித்துப் புளியோதரை சாப்பிட உரிமையில்லை.

ஆற்றின் பெயரைப் படித்துவிட்டு, அதன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று படிக்காதது

என் பொறுமையைச் சோதிப்பது இதுதான்.

போன வருடம் ஜூலையில், எடிசனிலிருந்து ஒரு தம்பி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டிக்கொண்டு கீழ் பீவர்கில்லுக்கு வந்திருந்தார். புத்தகம் அதை அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங்கின் தாய்வீடு என்கிறது, பொய்யில்லை. மதியம் மூன்று மணி இருக்கும். "அண்ணா, இங்க வாங்க, எல்லா மீனும் ஒரே இடத்துல நிக்குது!" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஒரு சின்ன ஓடை வந்து கலக்கும் வாயில், முதுகோடு முதுகு உரச, மூக்கை ஓடைப்பக்கம் நீட்டியபடி ட்ரௌட்டுகள் நின்றிருந்தன. எந்த ஃப்ளைக்கு மசியும் என்று கேட்டார். பதிலுக்கு, நூலில் கட்டிய தெர்மாமீட்டரை ஆற்றுக்குள் விட்டுக் காட்டினேன். 74 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 23க்கு மேல்.

ட்ரௌட் குளிர்நீர் மீன். 68 தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கிவிடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, உடம்புக்கோ அப்போதுதான் அதிகம் தேவை. அந்த நேரத்தில் தூண்டிலில் இழுத்துக் களைக்க வைத்து, "விட்டுட்டேனே அண்ணா, நீந்திப் போயிடுச்சே" என்றால், அது நீந்திப் போய் அடுத்த வளைவில் செத்திருக்கலாம். அந்த மீன்கள் அங்கே இரை தேடி நிற்கவில்லை, மூச்சு விட நிற்கின்றன.

ஆத்திரம் எதற்கென்றால், அதே புத்தகத்தில் விடை இருந்தது. பீவர்கில் மழையும் ஊற்றும் ஓடையுமாகச் சேர்ந்து வரும் ஆறு. வெயில் ஏறினால் அதுவும் சுடும். டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளை அப்படியில்லை. நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டிய கேனன்ஸ்வில் அணையின் அடிமட்டத்திலிருந்து வரும் தண்ணீர் அது. போதுமான அளவு திறந்துவிட்டால், ஜூலையிலும் கால் மரத்துப்போகும். தம்பி நின்ற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஓட்டினால் அங்கே போய்விடலாம். இரண்டையும் புத்தகம் அடுத்தடுத்த அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. அவர் படித்தது ஒன்றைத்தான்.

ஒரே ஆற்றுக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. டெலவேர் கிழக்குக் கிளை, பெபாக்டன் அணைக்குக் கீழே டவுன்ஸ்வில் பக்கம் சில்லென்று இருக்கும். பீவர்கில் வந்து கலந்த பிறகு கோடையில் வெதுவெதுப்பாகிவிடும். 'கிழக்குக் கிளை அருமையான ஆறு' என்ற வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினால் எந்தப் பாதியில் போய் நிற்பீர்கள்?

கிளம்பும் முன், அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் நீர்மானிக் கணக்கைப் போனில் பாருங்கள். பீவர்கில்லுக்கு குக்ஸ் ஃபால்ஸ், மேற்குக் கிளைக்கு ஹேல் எடி. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹேல் எடியில் 600 கன அடிக்குள் என்றால் நிம்மதியாக இறங்கலாம், 1,500 என்றால் படகில்லாமல் வேலையில்லை. அப்புறம், காலை ஏழு மணிக்கு 66 டிகிரி காட்டியது என்று மதியம் வரை பிடிக்காதீர்கள். தண்ணீர் உச்சச் சூட்டைத் தொடுவது பிற்பகலில்தான். தெர்மாமீட்டர் ஒரு பிரியாணி விலைகூட வராது.

பூச்சி அட்டவணையைக் காலண்டராக நினைப்பது

ட்ரௌட் தின்னும் ஹெண்ட்ரிக்சன் பூச்சி ஆற்றிலிருந்து மேலே வருவது ஏப்ரல் கடைசியில் என்று புத்தகத்தின் அட்டவணை சொல்லும். பூச்சிக்குத் தேதி தெரியாது. தண்ணீர் 50 டிகிரி தாண்டிச் சில நாள் நிலைத்தால் மேலே வரும். பனி உருகி ஆறு பெருகிய வருடத்தில் அது மே மாதத்துக்குத் தள்ளிப்போகும். லீவு போடுவதற்கு முன் ராஸ்கோ ஃப்ளை கடை ஏதாவது ஒன்றுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கேட்டவர் என்ற முறையில் போகும்போது அங்கேயே நாலு ஃப்ளை வாங்குங்கள்.

அட்டைப்பட மீன்

அது படகில் போய்ப் பிடித்தது. நீங்கள் நடந்து போகிறீர்கள்.