பேச்சில் ஒளிந்திருக்கும் உருவகங்களைக் கண்டறிந்து மாற்றுவது எப்படி?

உருவகம் என்றதும் கவிதைக்குரிய அணி என்றே பெரும்பாலோர் நினைக்கின்றனர். ஆனால் ‘கோபம் பொங்கியது’, ‘பாடம் மண்டையில் ஏறவில்லை’ என்று நாம் நாள்தோறும் பேசும் சாதாரண வாக்கியங்களும் உருவகங்களே. ஒரு சிக்கலை நாம் எந்த உருவகத்தில் பேசுகிறோமோ, அந்த உருவகம் அதற்கான தீர்வையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்வு நமக்குப் பொருந்துகிறதா என்று சோதித்து, பொருந்தாவிடில் உருவகத்தை மாற்றிப் பார்க்கும் வழிமுறையைக் கீழே விளக்கியுள்ளேன்.

முதலில், உங்களை நெடுநாளாக வாட்டும் ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதும், வாட்ஸ்அப்பில் எழுதும்போதும், தனக்குத்தானே முணுமுணுக்கும்போதும் வந்த வாக்கியங்களை வந்தபடியே ஒரு வாரம் குறித்து வையுங்கள். அழகுபடுத்தித் திருத்தினால் பயனில்லை. பின்னர் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். ‘வாழ்க்கை ஒரு போர்க்களம்’ என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ‘தாக்குப்பிடிக்கிறேன்’, ‘தோற்றுவிட்டேன்’ என்றுதான் பேசுகிறோம்.

தாளில் எழுதத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பால் திபோடோ, லெரா போரோடிட்ஸ்கி ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கற்பனை நகரத்தின் குற்றங்களைப் பற்றிய ஒரே குறிப்பைச் சிலருக்கு ‘குற்றம் நகரை வேட்டையாடும் விலங்கு’ என்றும், வேறு சிலருக்கு ‘நகரைப் பீடித்த வைரஸ்’ என்றும் மாற்றிக் கொடுத்தனர். விலங்கு என்று படித்தவர்கள் காவலையும் தண்டனையையும் கூடுதலாகப் பரிந்துரைத்தனர். வைரஸ் என்று படித்தவர்களிடையே காரணத்தைத் தேடிச் சமூகத்தைச் சீர்செய்யும் யோசனைகள் கூடுதலாக இருந்தன. எதை வைத்து அம்முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டபோது, ஏறத்தாழ எல்லோரும் குறிப்பிலிருந்த புள்ளிவிவரங்களையே காட்டினர், உருவகத்தைச் சொல்லவில்லை. நினைவை மட்டும் நம்பினால் நமக்கும் இதுவே நேரும்.

அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, ‘இது உண்மையானால் நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று எழுதுங்கள். கோபத்தையே எடுத்துக்கொள்வோம். பொங்குகிறது, அடக்கி வைத்திருக்கிறேன், வெடித்துவிடுவேன் என்று பேசுபவருக்குக் கோபம் மூடிய பாத்திரத்தில் கொதிக்கும் நீர். ஆகவே மூடியைத் திறந்து கொட்டித் தீர்த்துவிட்டால் அடங்கும் என்று அவர் முடிவு செய்கிறார். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது: தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்கே கோபம் மிகுந்திருந்தது, ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தனர். கொட்டினால் குறைவது பாத்திரத்தின் குணம். அதைக் கோபத்தின் மீது ஏற்றிச் சொன்னது நம் பேச்சு.

இவ்விடத்தில் நம் பழமொழி ஒன்று பெரிதும் உதவுகிறது: எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும். பானையிலிருந்து அடுப்புக்குப் பார்வையைத் திருப்பினால் கேள்வியே மாறிவிடுகிறது. எந்த விறகு எரிகிறது? நடந்ததை ஐந்தாவது ஆளிடம் மறுபடியும் விவரிப்பதா, பழைய குறுஞ்செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிப்பதா? பிடுங்கக்கூடிய ஒன்றேனும் பெரும்பாலும் கிடைக்கும்.

மூன்றாவதாக, உங்கள் உருவகம் எதை மறைக்கிறது என்று பாருங்கள். ‘மண்டையில் ஏறவில்லை’ என்னும் மாணவருக்குக் கல்வி என்பது வெளியிலிருந்து உள்ளே செலுத்த வேண்டிய பொருள். எனவே ஏறும்வரை மீண்டும் படிக்கிறார். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், படித்து முடித்த ஐந்து நிமிடங்களில் வைத்த தேர்வில் மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, இடையில் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினர். உள்ளே ஏற்றுவதையே நினைத்திருப்பவருக்கு வெளியே எடுத்துப் பழகுவது தோன்றுவதில்லை. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று தொடங்கும் ஔவையாரின் தனிப்பாடல், கல்வியை மனப்பழக்கம் என்கிறது. பழக்கம் என்று எண்ணத் தொடங்கியவர் புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பார்ப்பார். (மகளைக் ‘கரையேற்றுவது’ என்று பேசும் பெற்றோரும், அவளுக்கே நீந்தத் தெரியும் என்பதை மறைக்கும் ஓர் உருவகத்துக்குள்தான் இருக்கின்றனர், அது தனியே எழுத வேண்டிய விஷயம்.)

பழைய உருவகத்துக்கு மாற்றாக ஒன்றைத் தேடும்போது அழகைப் பார்க்காதீர்கள். மறுநாள் நீங்கள் செய்யும் ஒரு செயலையேனும் அது மாற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். மாற்றவில்லையெனில் அது வெறும் அலங்காரம், கைவிட்டுவிடலாம். உருவகத்துக்கு மந்திர சக்தி இருப்பதாகவும் எண்ண வேண்டாம். மேலே சொன்ன குற்ற ஆய்வை 2014இல் வேறொரு குழுவினர் சோதித்தபோது அத்தகைய விளைவு தென்படவில்லை. கடனில் இருப்பவர் கடனுக்கு வேறு உருவகம் சூட்டுவதால் வட்டி குறையாது. வட்டிக்காரரிடம் பேசவோ, கணக்கை எழுதிப் பார்க்கவோ அது தூண்டினால் போதும்.

பிறருடைய துன்பத்தில் இம்முறையைக் கையாளும்போது கூடுதல் கவனம் தேவை. புற்றுநோயாளிகளின் பேச்சை ஆராய்ந்த லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் எலேனா செமினோ குழுவினர், போர் உருவகம் சிலருக்கு ஊக்கமாகவும், நோய் முற்றிய வேறு சிலருக்குத் தாமே தோற்றுவிட்ட குற்றவுணர்வாகவும் அமைவதைக் கண்டனர். பயணம் என்னும் உருவகமும் எல்லோருக்கும் இதமாக அமைந்துவிடவில்லை. ஆகவே நோயுற்ற உறவினரைப் பார்க்கச் செல்லும்போது ‘விடாமல் போராடுங்கள்’ என்று தொடங்காதீர்கள். அவரை முதலில் பேச விடுங்கள். ‘வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது’ என்று அவர் சொன்னால், அந்த வண்டியைப் பற்றியே மேலும் கேளுங்கள்.