தேதி வேலையை முடித்துக் கொடுக்காது: பெரும் போட்டிகளை நடத்தும் நகரங்களை மதிப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலிம்பிக், உலகக் கோப்பை, காமன்வெல்த் போன்ற போட்டிகளை நடத்தினால் ஒரு நகரத்துக்கு என்ன மிஞ்சும் என்று கணித்து அறிக்கை எழுதுவது என் தொழில். இப்போது பெரும்பாலும் இளையவர்கள் எழுதிய வரைவுகளைத் திருத்துகிறேன். ஒரு காலத்தில் நானும் நம்பி எழுதிய வரிகள் அவற்றில் அப்படியே திரும்பி வருகின்றன. ஊழல் கூடாது, நெரிசலைக் கவனிக்க வேண்டும் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

வந்தவர்களை எண்ணி, வராதவர்களை மறப்பது

போட்டி நடக்கும் மாதத்தில் கூட்டத்துக்கும் விலைக்கும் அஞ்சி, வழக்கமாக வரும் பயணிகள் ஒதுங்கிவிடுவார்கள். லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012 ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டினரின் எண்ணிக்கை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைவு. வந்தவர்கள் செலவழித்த தொகை மட்டும் கூடியது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது கணக்கு. அரங்குகளில் அமர்ந்தவர்களை மட்டும் கூட்டிக் காட்டுகிற வரைவுகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உள்ளூர்க்காரர் பணத்தைப் புதுப் பணம் என்பது

போட்டி இல்லாவிட்டாலும் அந்தப் பணம் அதே ஊரில் வேறெங்கோ செலவாகியிருக்கும். கழித்துவிடுங்கள்.

"தேதி இருந்தால் வேலை நடந்துவிடும்" என்று நம்புவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மற்ற பிழைகள் அறிக்கையைக் கெடுக்கும். இது நகரத்தின் கஜானாவையே காலி செய்யும்.

ஒரு நகர நிர்வாகக் கூட்டத்தில் மூத்த அதிகாரி ஒருவர் நெடுநாளாகக் கிடப்பில் கிடந்த பணிகளை வரிசையாகப் படித்தார்: கழிவுநீர்க் குழாய்கள், ரயில் பாதை நீட்டிப்பு, ஆற்றங்கரைச் சீரமைப்பு. "போட்டி மட்டும் நமக்குக் கிடைக்கட்டும். தேதி நம்மைத் துரத்தும், எல்லாம் முடிந்துவிடும்" என்றார். இவற்றில் எதற்கு நிலம் கையில் இருக்கிறது, எதற்கு வரைபடம் முடிந்திருக்கிறது என்று கேட்டேன். எதற்கும் இல்லை. ஆனாலும் அந்தப் பணிகள் அனைத்தும் போட்டியால் விளையும் நன்மைகள் என்ற தலைப்பின் கீழ் அச்சாகிவிட்டன.

நகர்த்த முடியாத தேதி உண்மையில் என்ன செய்கிறது? முதலில், பேரம் பேசும் வலிமையை நகரத்திடமிருந்து பறித்து ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிடுகிறது. தொடக்க நாளுக்கு ஓராண்டு இருக்கையில் பாதி எழும்பிய அரங்கத்தை வைத்துக்கொண்டு யாரும் மறு டெண்டர் விட முடியாது. கேட்ட விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒலிம்பிக் நடத்தும் தரப்போ, செலவு கூடினால் ஈடுகட்டுவதாக உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருக்கும். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் மதிப்பீடு உடைகிறது. 1960 முதலான ஒலிம்பிக் போட்டிகளை ஆராய்ந்து ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, நம்பத்தகுந்த தரவு கிடைத்த ஒவ்வொரு போட்டியும் மதிப்பீட்டைத் தாண்டியிருக்கிறது. பணவீக்கத்தை நீக்கிய பிறகும் சராசரி மீறல் 156 சதவீதம். அதாவது 100 என்று எழுதியது 256இல் முடிகிறது. சாலை, ரயில், விமான நிலையச் செலவுகள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

கனடாவின் மான்ட்ரியலைப் பாருங்கள். ஆணுக்குப் பிள்ளை பிறக்காததுபோல ஒலிம்பிக்கில் பற்றாக்குறையும் வராது என்று மேயர் ழான் டிராப்போ பேசினார். வேலைநிறுத்தங்களும் தாமதங்களும் பெருகி, 1975 நவம்பரில் கட்டுமானத்தைக் கியூபெக் மாகாண அரசே கையில் எடுத்தது. 1976இல் போட்டி தொடங்கியபோது அரங்கின் சாய்ந்த கோபுரம் அரைகுறையாக நின்றது. கோபுரமும் கூரையும் நிறைவேற 1987 ஆயிற்று. கடன் தீர்ந்தது 2006இல். முப்பது ஆண்டுகள். தேதி அங்கே வேலையை முடிக்கவில்லை, விலையை மட்டும் ஏற்றியது.

2004 ஒலிம்பிக்கை நடத்தும் உரிமை ஏதென்ஸுக்குக் கிடைத்தது 1997இல். கையில் ஏழு ஆண்டுகள் இருந்தன. முதல் மூன்று ஆண்டுகள் நழுவின. 2000இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் சமராஞ்ச் வெளிப்படையாக எச்சரிக்க வேண்டியதாயிற்று. அதன்பின் இரவு பகலாக ஓடி முடித்தார்கள். அந்த ஓட்டத்தில், போட்டிக்குப் பிறகு இந்த அரங்குகளை யார் நடத்துவது என்ற கேள்விக்கு நேரமே கிடைக்கவில்லை. பழைய ஹெலினிகான் விமான நிலைய வளாகத்தில் எழுந்த அரங்குகள் பல பின்னர் புல் மண்டிக் கிடந்தன.

தேதி செய்யும் அடுத்த வேலை இன்னும் மோசமானது. நேரம் போதாதபோது எதை வெட்டுவது என்பதை அதுவே முடிவுசெய்துவிடுகிறது. தொலைக்காட்சியில் தெரிவது தப்பிக்கும், மண்ணுக்கடியில் இருப்பது போகும். குவானாபாரா விரிகுடாவில் கலக்கும் கழிவுநீரில் 80 சதவீதத்தைச் சுத்திகரிப்போம் என்று ரியோ டி ஜெனிரோ வாக்களித்தது. 2016 வந்தது, போட்டி நடந்தது, வாக்குறுதி நிறைவேறவில்லை. நான்காவது மெட்ரோ பாதை தொடக்க விழாவுக்குச் சில நாட்கள் முன்பு திறந்தது உண்மைதான். ஆனால் அதே பாதையின் காவேயா நிலையம் பாதியில் நின்றது. தோண்டிய பள்ளங்கள் சரியாமலிருக்கப் பின்னர் அவற்றில் நீரை நிரப்பி வைத்தார்கள். அந்த ஊர் மக்களுக்கு எது அதிகம் தேவைப்பட்டது என்று கேட்டால், அரங்கத்தைவிடக் கழிவுநீர்க் குழாயைத்தான் நான் சொல்வேன்.

இந்த இடத்தில் இளையவர்கள் டோக்கியோவையும் பார்சிலோனாவையும் எடுத்துக்காட்டுவார்கள். காட்டட்டும், அவை என் பக்கம் பேசுகிற சான்றுகள். ஜப்பானின் அதிவேக ஷின்கான்சென் ரயில் 1964 அக்டோபர் 1 அன்று, ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாட்கள் இருக்கையில் ஓடத் தொடங்கியது. ஆனால் அதன் கட்டுமானம் தொடங்கியது 1959 ஏப்ரலில். டோக்கியோவுக்கு ஒலிம்பிக் உரிமை கிடைத்ததே அடுத்த மாதம்தான். போர்க்காலத்து அதிவேக ரயில் திட்டத்துக்காக வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியும், தோண்டத் தொடங்கிய சுரங்கங்களும் ஏற்கெனவே கையில் இருந்தன. அப்படியிருந்தும் செலவு ஏறத்தாழ இரு மடங்கானது. பார்சிலோனாவின் சுற்றுச் சாலைகளும் கடற்கரைத் திறப்பும் 1992க்காகத் திடீரென்று யோசித்தவை அல்ல. அந்நகரின் பெருநகரத் திட்டம் 1976இலேயே ஏற்கப்பட்டது. போட்டி கிடைத்தது 1986இல். பத்தாண்டு விவாதித்துப் பழுத்த திட்டத்துக்கு மட்டுமே தேதி உதவியது.

ஆகவே உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு பணிக்கும் எதிரே மூன்று கட்டங்கள் போடுங்கள்: நிலம் கையில் இருக்கிறதா, வரைபடம் முடிந்ததா, போட்டி கிடைக்காவிட்டாலும் இதற்கு நிதி வருமா? உரிமை கோரி விண்ணப்பிக்கும் நாளில் முதல் இரண்டுக்கும் "ஆம்" இல்லாத பணியை நன்மைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அபாயப் பட்டியலில் சேருங்கள். மூன்றாவதற்கு "ஆம்" என்றால், போட்டி இல்லாமலும் வந்திருக்கக்கூடிய மெட்ரோவைப் போட்டியின் கொடை என்று எழுதாதீர்கள். சில ஆண்டுகள் முன்னதாக வந்தது என்பதே அதன் பயன். அதைத் தனியாக மதிப்பிடலாம்.

தொடக்க விழா இரவுக்காக அரங்கம் கட்டுவது

மான்செஸ்டர் 2002 காமன்வெல்த் போட்டிக்கு அரங்கம் கட்டும்போதே அடுத்து அங்கே கால்பந்து ஆடப்போவது யார் என்பதை முடிவுசெய்திருந்தது. போட்டி முடிந்ததும் ஓடுதளத்தை அகற்றி, தரையைத் தோண்டித் தாழ்த்தி, கூடுதல் இருக்கை வரிசை அமைத்தார்கள். லண்டனோ 80,000 பேர் அமரும் அரங்கைக் கட்டியது. பிறகு அதை 25,000 பேருக்கான தடகள அரங்காகச் சுருக்குவதுதான் திட்டம். கடைசியில் கால்பந்துக்கே போயிற்று. மாற்றியமைக்க மட்டும் 32 கோடியே 30 லட்சம் பவுண்டு ஆனது. தடகளத்துக்கும் கால்பந்துக்குமாக இருக்கைகளை இழுத்து நகர்த்தும் செலவு இன்னும் தொடர்கிறது. 2014 உலகக் கோப்பையில் நான்கே ஆட்டங்களுக்காகப் பிரேசிலின் மனாஸ் நகரில் 40,000க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு அரங்கம் எழுந்தது; உள்ளூர் அணிகளோ கீழ்ப்பிரிவுகளில் ஆடுபவை.

நிரந்தரப் பயனாளி கிடைக்காவிட்டால் தற்காலிகமாகக் கட்டுங்கள். தென் கொரியாவின் பியோங்சாங் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 35,000 பேர் அமரும் அரங்கை நான்கு விழாக்களுக்குப் பயன்படுத்திவிட்டுப் பிரித்துவிட்டது. வீண் என்று பலர் கண்டித்தார்கள். ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவை விழுங்கும் வெற்று அரங்கத்தைவிட அது எவ்வளவோ மேல் என்பதே என் கருத்து.

பராமரிப்புச் செலவை எழுதாமல் விடுவது

முப்பது ஆண்டுகளுக்கு எழுதுங்கள். அது இல்லாத வரைவை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

வெளியேற்றப்பட்டவர்களை அடிக்குறிப்பில் தள்ளுவது

ரியோவின் ஒலிம்பிக் பூங்காவை ஒட்டியிருந்த வீலா அவுட்டோட்ரோமோ குடியிருப்பில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. கடைசிவரை போராடித் தங்கியவர்களுக்கென்று எழுந்தவை 20 வீடுகள். நில மதிப்பு உயர்ந்தது என்று நன்மைப் பக்கத்தில் எழுதும் அதே கை, அந்த மதிப்பு யாருக்குப் போனது என்றும் எழுத வேண்டும். முன்பு அங்கே வாடகை கொடுத்தவர் இன்று அதே தெருவில் குடியிருக்க முடிகிறதா என்பதை நேரில் போய்க் கேளுங்கள்.

விலகும் செலவைக் கணக்கிடாதது

அமெரிக்காவின் டென்வர் நகரம் அமைந்த கொலராடோ மாநில மக்கள் 1972இல் வாக்களித்து 1976 குளிர்கால ஒலிம்பிக்குக்குப் பொது நிதி தர மறுத்தார்கள்; டென்வர் விலகியது. 1964இல் ஏற்கெனவே நடத்தியிருந்த ஆஸ்திரிய நகரம் இன்ஸ்புருக் அந்தப் போட்டியை ஏற்றது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியிலிருந்து 2023 ஜூலையில் விலகியது. 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு 600 கோடியைத் தாண்டியதே காரணம் என்றது அரசு. இழப்பீடாக 38 கோடி கொடுத்தது. இதை அவமானம் என்று எழுதும் இளையவர்களிடம் அந்த 600 கோடியையும் 38 கோடியையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு கொடுக்க வேண்டும், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு அதைச் சொல்கிறது என்ற அட்டவணை விண்ணப்பத்தோடு முதல் நாளே நகர மன்றத்தின் மேசைக்குப் போக வேண்டும்.