பழைய ஏஆர்பி ஹெல்மெட் சேர்க்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா ஒரு ஏஆர்பி ஹெல்மெட் (இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டன்ல விமானத் தாக்குதல் பாதுகாப்பு வேலை பாத்தவங்க போட்டது) வாங்கிட்டு "எப்படி பளபளன்னு ஆக்கிட்டேன் பாருங்க"ன்னு யாராச்சும் ஃபோட்டோ காட்டினா வயிறு எரியுது, ஏன்னா நானும் அதையே செஞ்சிருக்கேன். ஈரத்துல வைக்காதீங்க, கீழ போடாதீங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

பெயிண்ட்ல கை வைக்காதீங்க

இரண்டாம் உலகப் போர் சமயத்து பிரிட்டிஷ் ஹெல்மெட்ல மதிப்பே பெயிண்ட்லதான் இருக்கு. 'டபிள்யூ'ன்னு இருந்தா வார்டன் (குண்டுவீச்சு சமயத்துல தெருவைப் பாத்துக்கிட்டவர்), 'ஆர்'னா மீட்புக் குழு, அந்த ஒத்தை எழுத்து போச்சுன்னா அது யாரோடதுன்னே சொல்ல முடியாது. 1941 ஆகஸ்ட்ல ஏஎஃப்எஸ்ஸையும் (துணைத் தீயணைப்புப் படை), ஊர் ஊரா இருந்த தீயணைப்புப் படைங்க எல்லாத்தையும் சேர்த்து என்எஃப்எஸ்னு (தேசிய தீயணைப்புப் படை) ஒண்ணாக்கினாங்க, அப்போ பழைய ஹெல்மெட் மேலயே புது பெயிண்ட் அடிச்சு புது பேட்ஜ் ஒட்டினதும் உண்டு. எனக்குக் கிடைச்சது அப்படி ஒண்ணு. சாம்பல் கலர் ஒரு ஓரத்துல நகக்கண் அளவு உரிஞ்சு, அடியில ஒரு எழுத்தோட வளைவு தெரிஞ்சுது. அதை முழுசா பாத்துடணும்னு தின்னர் போட்டேன், அசையல, சாண்ட்பேப்பர் எடுத்தேன், மேல இருந்த ஸ்டார் பேட்ஜும் போச்சு அடியில இருந்த எழுத்தும் போச்சு, கையில நின்னது வெறும் தகடு. இத்தனை வருஷம் கழிச்சும் அதை நினைச்சா ஆறல.

அடியில என்ன இருக்குன்னு பாக்கணுமா, ரூமை இருட்டாக்கிட்டு டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, பழைய எழுத்தோட விளிம்பு மேடா நிழல் காட்டும். அதுக்கு மேல ஒரு மெத்துனு பிரஷ் போதும். அந்தக் கால பெயிண்ட்ல ஈயமும் இருக்கலாம், தேய்ச்சா அந்தத் தூசி உங்க மூச்சுக்குள்ளதான் போகும்.

விளிம்புல ஓட்டையா? அடைக்காதீங்க

மார்க் 2 ஹெல்மெட் (அந்தக் கால பிரிட்டிஷ் ராணுவ ஸ்டீல் ஹெல்மெட்) விளிம்புல ரெண்டு மூணு சின்ன ஓட்டை வரிசையா இருந்தா அது டேமேஜ் இல்ல. போர்முனைக்குத் தேவையான தரத்துல ஸ்டீல் இல்ல, உள்நாட்டு வேலைக்குத்தான்னு ஃபேக்டரியிலயே போட்ட அடையாளம். அதைப் போய் புட்டி வச்சு அடைச்சு வச்சிருக்காங்க! ஜுக்கர்மேன் ஹெல்மெட்ல (பொதுமக்களுக்குன்னு செஞ்ச இன்னொரு வகை) இருக்கிற ஓட்டைங்க வேற விஷயம், லைனரை, அதாவது தலையில உக்கார்ற உள் உறையை, நாடா கோத்துக் கட்டுறதுக்கு.

லைனரைக் கழட்டாதீங்க

மார்க் 2-ல உச்சியில ஒரே ஸ்க்ரூதான். துரு பிடிச்சிருந்தா திருகாதீங்க.

தலையில மாட்டாதீங்க

சில பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அதோட தூசி மூச்சுல போனா ஆபத்து.