ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்கு: பெற்றோர் வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாவது முடிக்கும் பிள்ளைக்கு ஜூன் மாதத்தில் எல்லாமே ஒன்றாக மாறுகிறது. பள்ளி வேறு, ஆசிரியர்கள் வேறு, சீருடை நிறம் வேறு, பல நேரங்களில் ஊரே வேறு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் வகுத்த விதிப்படி, ஐந்தாவது வரைக்கும் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆறு முதல் எட்டு வரைக்கும் 3 கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும். தெருமுனைப் பள்ளிக்கு நடந்தே போய் வந்த பிள்ளை பஸ்ஸுக்கு நிற்க ஆரம்பிப்பது இப்படித்தான்.

இந்த மாற்றத்துக்காகப் பெற்றோர் அலையாமல் இல்லை. எந்தப் பள்ளி, எந்த மீடியம், எந்த டியூஷன் என்று ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் ஜூன், ஜூலையில் பிள்ளை தடுமாறுவது பெரும்பாலும் வேறு இடங்களில்: காலைப் பசி, பாதியில் நின்றுபோன நோட்டு, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாத தயக்கம். அதற்கெல்லாம் யாரும் தயார்செய்வதில்லை.

"ஆறாவது போ, அப்போ தெரியும்"

கோடை விடுமுறை முழுக்க வீட்டில் ஓடும் வசனம் இது. மாமா வந்தால் அவர் ஒரு பங்கு: "அங்க கணக்கு வாத்தியார் தோலை உரிச்சிடுவாரு." பிள்ளையைப் படிக்க வைக்கத்தான் சொல்கிறார்கள். நடப்பது என்னவோ, முதல் நாளே ஆசிரியரைப் பார்த்து ஒடுங்கிப்போவதுதான். புரியாததைக் கேட்காது, பாத்ரூம் போகக்கூட அனுமதி கேட்காமல் அடக்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. இல்லாத பூதத்தை நாமே ஏன் காட்ட வேண்டும்?

அதற்குப் பதிலாக உள்ளதைச் சொல்லுங்கள். தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுத்திருப்பார். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பாட்டு, விளையாட்டு, செயல்பாடு என்று தரையில் வட்டமாக உட்கார்ந்து படித்த பிள்ளைகள் இவர்கள். ஆறாவதில் பெஞ்சு, மணி, பாடத்துக்கு ஓர் ஆசிரியர். தமிழய்யாவுக்குப் பிடித்த முறை அறிவியல் மிஸ்ஸுக்குப் பிடிக்காது. ஒருவர் ரூல்டு நோட்டு கேட்பார், இன்னொருவர் அன்ரூல்டு கேட்பார். இது யாருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

டி.சி. வாங்கினோம், வேலை முடிந்தது என்று நினைப்பது

மாற்றுச் சான்றிதழ் கையில் வந்ததும் அதைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்பாருங்கள். இப்போது தப்பாக இருக்கும் ஓர் எழுத்து நாளைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறி உட்கார்ந்துவிடும். அப்புறம் அதைத் திருத்த அலைவது தனிக் கதை. ஐந்தாவது படிக்கும்போதே ஹெச்.எம்.மிடம் சொன்னால், மாணவர் விவரங்களைப் பள்ளிக்கல்வித் துறை வைத்திருக்கும் எமிஸ் என்ற ஆன்லைன் பதிவிலேயே சரிசெய்துகொள்ளலாம். பழைய பள்ளி பிள்ளையின் பெயரை எமிஸில் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். விட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகை பதிந்திருக்காது. ஐந்து வயதானதும் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முதல் புதுப்பித்தலைச் செய்யாமலே பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் உண்டு. உதவித்தொகை, வங்கிக் கணக்கு என்று வரும்போதுதான் அது தெரிகிறது. மே மாதத்தில் முடித்துவிடுங்கள்.

டி.சி. தாமதமானால் சேர்க்க மாட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். எட்டாவது வரை அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. 'என்ட்ரன்ஸ்' வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதும் 13ஆம் பிரிவின்படி தப்பு. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அப்படியும் சில பள்ளிகள் வைக்கத்தான் செய்கின்றன, பெற்றோரும் பிள்ளையை அதற்குப் பயிற்சி கொடுத்துக் கூட்டிப்போகத்தான் செய்கிறார்கள்.

பள்ளியையும் மீடியத்தையும் ஒரே மூச்சில் மாற்றுவது

ஐந்தாவது வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையை, "இனிமேலாவது இங்கிலீஷ் வரட்டும்" என்று ஆறாவதில் ஆங்கில வழியில் போடுகிறார்கள். புது இடம், புது ஆசிரியர்கள், அதோடு புது மொழியில் கணக்கும் அறிவியலும். முடிவெடுக்கும் முன் எளிதான ஒரு சோதனை: ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் கடைசிப் பருவத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, என்ன படித்தாய் என்று தமிழில் கேளுங்கள். சொல்லிவிட்டால் யோசிக்கலாம். எழுத்துக்கூட்டிக்கொண்டே இருந்தால், ஆங்கில வழியில் அறிவியல் பாடம் அதற்கு மனப்பாடச் செய்யுள் ஆகிவிடும்.

தனியார் பள்ளியா அரசுப் பள்ளியா என்பது அவரவர் பாடு. ஆனால் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் கிடைக்கும் ஒதுக்கீட்டுக்கும் அடிப்படை, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் இந்த 'ஆறு முதல்' என்பதையே பார்க்கின்றன (இவற்றில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு). அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். இரண்டு வருடம் தனியாரில் போட்டுப் பார்த்துவிட்டு எட்டாவதில் திரும்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், எதை விட்டுவிட்டு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு செய்யலாம்.

மே மாதத்திலேயே ஆறாவது பாடம்

ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கடன் வாங்கி விடுமுறையிலேயே டியூஷன் வைப்பது வீண்வேலை என்பது என் கருத்து. ஆறாவது பாடத்தை ஆறாவது ஆசிரியர் நடத்திக்கொள்வார். அவர் நடத்த முடியாதது பின்னால் விட்டுப்போனதை. தமிழில் தங்குதடையின்றி வாசிப்பு, கடன் வாங்கிக் கழித்தல், ஈரிலக்கப் பெருக்கல், வகுத்தல் இவை வந்தாலே போதும். வராவிட்டால் வெட்கப்படாமல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள். பள்ளியில் சேர்ந்ததும் வைக்கும் அடிப்படைத் திறன் தேர்வில் பிள்ளை பின்தங்கினால் தனிப் பயிற்சி கொடுப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று எழுதும் வேகம். தொடக்கப்பள்ளி டீச்சர் கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை போர்டை அழிக்க மாட்டார். ஆறாவதில் நாற்பது சொச்சம் நிமிடத்தில் மணி அடித்துவிடும், அடுத்த ஆசிரியர் வந்து போர்டைத் துடைத்துவிடுவார். ஜூலையில் நோட்டைத் திறந்து பாருங்கள், "ஒளிச்சேர்க்கை என்பது தாவரங்கள் சூரிய" என்று நின்றிருக்கும். அடுத்த வரியில் வேறு பாடம். பிள்ளைக்கு எழுதத் தெரியாமல் இல்லை, நேரம் போதவில்லை. விடுமுறையில் தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளிலிருந்து நீங்கள் வாசிக்க, பிள்ளை எழுதட்டும். விட்டுப்போனால் நாலு வரி இடம் விட்டுவிட்டு மேலே எழுது, இன்டர்வெல்லில் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கி நிரப்பு என்று அந்த வழக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள்.

காலையும் பையும் பஸ்ஸும்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்தாவது வரைக்கானது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ பள்ளியிலேயே கிடைத்ததால், பல வீடுகளில் காலைச் சமையல் பிள்ளை கிளம்பிய பிறகுதான் ஆரம்பமாகிறது. ஆறாவதில் அந்தச் சாப்பாடு இல்லை, பஸ்ஸோ முன்னைவிடச் சீக்கிரம். ஒரு டீயும் பன்னும் போட்டுக்கொண்டு கிளம்பும் பிள்ளை மூன்றாவது பீரியடில் தலையைத் தொங்கப்போடும். "கணக்கில் கவனம் இல்லை" என்று ஆசிரியர் சொல்வார், நாம் டியூஷன் தேடுவோம். முதல் நாள் இரவே மாவு கரைத்து வைப்பதா, பழையதா, அவித்த முட்டையா என்பதை ஜூனுக்கு முன் முடிவுசெய்யுங்கள்.

மதியச் சத்துணவு பத்தாவது வரை உண்டு. ஆனால் புதுப் பள்ளியில் டிபன் பாக்ஸ் கொண்டுவரும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, தட்டு எடுத்துப்போகக் கூச்சப்பட்டுச் சில பிள்ளைகள் பட்டினி கிடக்கும், வீட்டிலும் சொல்லாது. பையில் தட்டு காய்ந்தபடியே திரும்புகிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான், கேள்வி எல்லாம் வேண்டாம். கூச்சம் தெரிந்தால் ஒரு மாதம் டப்பாவில் கட்டிக்கொடுங்கள்.

பையை அம்மா அடுக்குவது அடுத்த தவறு. முதல் வாரம் கால அட்டவணை புரியாமல் எல்லாப் புத்தகத்தையும் சுமந்து போகும். அதைப் பார்த்துப் பாவப்பட்டு நாம் எடுத்து வைக்க ஆரம்பிப்போம். பிறகு நோட்டு இல்லாமல் எழுந்து நிற்கும் நாளில் "அம்மா வைக்கல" என்று பதில் வரும். அட்டவணையைப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதி பீரோக் கதவில் ஒட்டுங்கள். ராத்திரி சாப்பிட்டதும் பிள்ளையே பார்த்து அடுக்கட்டும். இரண்டு நாள் எதையாவது மறந்துவிட்டுத் திட்டு வாங்கினால் வாங்கட்டும்.

பஸ்ஸைப் பொறுத்தவரை ஒரு ஒத்திகை அவசியம். மே கடைசியில் பள்ளி நேரத்துப் பஸ்ஸிலேயே ஒருமுறை கூட்டிப்போங்கள். அடுத்த முறை நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏறுவதும் இறங்குவதும் சாலையைக் கடப்பதும் பிள்ளை பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டால் கண்டக்டரிடம் என்ன சொல்வது, சாயங்கால பஸ் போய்விட்டால் எந்தக் கடை வாசலில் நிற்பது, பைக்கில் 'லிஃப்ட்' தருகிறேன் என்று யார் கூப்பிட்டால் ஏறலாம், யார் கூப்பிட்டால் கூடாது, இதெல்லாம் பேசி வைக்க வேண்டியவை. அம்மா எண்ணும் அப்பா எண்ணும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். பள்ளிக்குப் போன் கொண்டுபோக முடியாது, எண்கள் எல்லாம் நம் போனில்தான் இருக்கின்றன. இலவச பஸ் பாஸ் கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் பையில் சில்லறை இருக்கட்டும்.

அந்நியரிடம் பேசப் பழக்குவதற்கும் விடுமுறைதான் நேரம். ரேஷன் கடையில் "சர்க்கரை எப்போ வரும்" என்று பிள்ளையைக் கேட்கவிடுங்கள். தபால் நிலையத்திலும் அப்படியே. அங்கே வாய் திறக்கும் பிள்ளை வகுப்பில் "சார், இது புரியல" என்று சொல்லும்.

பெண்பிள்ளைகளிடம் பேசாமல் இருப்பது

ஆறாவது, ஏழாவது படிக்கும்போதே வயதுக்கு வருவது இப்போது சகஜம். "இன்னும் சின்னப் பொண்ணு" என்று அம்மாக்கள் தள்ளிப்போடுகிறார்கள். பள்ளியில் அது நடந்தால் பிள்ளை ஏதோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து அழும். ஜூனுக்கு முன் விஷயத்தை நேராகச் சொல்லி, பையின் உள்ளறையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் வைத்துவிடுங்கள். எந்த மிஸ்ஸிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரை இலவச நாப்கின் உண்டு, பள்ளியில் கேட்கலாம். சடங்கு வைப்பது உங்கள் விருப்பம். அதற்காக மூன்று வாரம் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால், திரும்பி வரும்போது பாடமும் போயிருக்கும், பெஞ்சில் பக்கத்து இடமும் போயிருக்கும்.

கண்பார்வையையும் இப்போதே பாருங்கள். பெரிய வகுப்பறை, பின்பெஞ்சு. போர்டு தெரியாததைப் பிள்ளை பெரும்பாலும் சொல்லவே சொல்லாது. வலிப்பு, வீசிங் போன்ற தொந்தரவு இருந்தால் மறைக்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லி, மாத்திரை விவரத்தை எழுதிக் கொடுங்கள்.

சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது

தொடக்கப்பள்ளி டீச்சரைச் சந்தையில் பார்த்துப் பேசியிருப்போம். புதுப் பள்ளியில் யாரையும் தெரியாது, வாசல் பெரிது, நமக்கே தயக்கம். அதனால் அடுத்தது புகார் வரும்போதுதான் போகிறோம். ஜூலையில் ஒருமுறை சும்மாவே போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று தகவல் வந்தால் போங்கள். அங்கே பாத்ரூம், குடிதண்ணீர் பற்றிப் பெற்றோர் கேட்டால் பதில் கிடைக்கும். எங்கும் பதில் இல்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது.

முதல் இடைப்பருவத் தேர்வில் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும். ஐந்தாவதில் முதல் ரேங்க் எடுத்த பிள்ளை இங்கே பத்து ஊர் முதல் ரேங்குகளோடு உட்கார்ந்திருக்கிறது. காலாண்டு விடைத்தாளைப் பார்க்கப் போகும்போது மதிப்பெண்ணைப் பற்றி ஆசிரியரிடம் கேட்க ஒன்றுமில்லை, அது தாளிலேயே இருக்கிறது. வகுப்பில் யாரோடு உட்காருகிறது, மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறது, எப்போதாவது கை தூக்குகிறதா என்று கேளுங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருகிறதென்றால் திட்டுவதற்கு முன் திங்கட்கிழமை முதல் பீரியடு எது என்று பீரோக் கதவில் பாருங்கள். பிறகு அந்த ஆசிரியரைப் போய்ப் பார்த்துப் பேசுங்கள்.