குடும்ப மருத்துவம் கற்றுத்தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு நாள் ஓ.பி. நேரத்தில், ரெசிடென்ட்கள் (முதுநிலைப் பயிற்சி மருத்துவர்கள்) நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து ஆசிரியரிடம் கேஸ் சொல்லும் கலந்தாய்வு அறையில் உட்கார்ந்திருந்தேன். ரெசிடென்ட் ஒருவர் வந்து, "43 வயசு, நெஞ்செரிச்சல், ரெண்டு மாசமா..." என்று ஆரம்பித்தார். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ரிஃப்ளக்ஸ்தான். பான்டப்ரசோல் நாலு வாரம் குடுங்க, எடையைக் குறைக்கச் சொல்லுங்க" என்றார். ரெசிடென்ட் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் கையிலிருந்த தாளில் இன்னும் ஆறேழு வரி படிக்கப்படாமல் பாக்கி இருந்தது.

கற்றுத்தர வந்த முதல் சில வருஷங்கள் நானும் இப்படித்தான் இருந்தேன். நல்ல மருத்துவராக இருந்தால் நல்ல ஆசிரியராகவும் இருந்துவிடலாம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு ரெசிடென்ட்களும் நோயாளிகளும் விலை கொடுத்தார்கள். இப்போது புதியவர்கள் அதே இடங்களில் அதே மாதிரி சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தாமதமாக வருவது, நோயாளி முன்னால் திட்டுவது, கேஸ் கேட்கும்போது போன் பார்ப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று செய்கிறவர்களுக்கே தெரியும்.

கேஸ் முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவது

நோயாளி பேச ஆரம்பித்தால் மருத்துவர் சராசரியாக 18 விநாடிகளில் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984-இல் பெக்மன், ஃப்ராங்கல் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொடர்பாடல் வகுப்பில் இந்த எண்ணைத் தவறாமல் சொல்லித்தருகிறோம். அடுத்த அரை மணி நேரத்தில் ரெசிடென்ட் வாயைத் திறந்ததும் நாமே குறுக்கிடுகிறோம்.

பதிலைச் சொல்லிவிட்டால் நோயாளிக்குச் சிகிச்சை கிடைத்துவிடும், உண்மைதான். ஆனால் ரெசிடென்ட் என்ன நினைத்தார் என்பது உங்களுக்குத் தெரியவே வராது. அந்த நெஞ்செரிச்சல் இதயக் கோளாறாக இருக்கலாம் என்று அவர் யோசித்தாரா, யோசித்துத்தான் ஒதுக்கினாரா, இல்லை அது நினைவுக்கே வரவில்லையா? மூன்றுக்கும் நீங்கள் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு.

நெஹரும் அவருடன் பணியாற்றிய குடும்ப மருத்துவ ஆசிரியர்களும் 1992-இல் ஐந்து படிகள் கொண்ட எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். 'ஒரு நிமிட ஆசிரியர்' என்று பலரும் அதைச் சொல்வார்கள். முதலில் ரெசிடென்ட்டை ஒரு முடிவைச் சொல்லவைப்பது, பிறகு அதற்கான காரணத்தைக் கேட்பது, பொதுவான பாடம் ஒன்றைச் சொல்வது, சரியாகச் செய்ததை எடுத்துக்காட்டுவது, தவறைத் திருத்துவது. இதில் முதல் படிதான் கஷ்டம். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனம் ஐந்து விநாடிதான் இருக்கும், ஐந்து நிமிடம் போலத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியைப் பறித்துக்கொள்வது

எத்தனை வருஷமானாலும் எனக்கு ஆறாத தவறு இது. புதிய ஆசிரியர்களிடம் பார்க்கும்போது இன்னும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

இரண்டாம் வருஷ ரெசிடென்ட் ஒருவர். அவரிடம் மூன்றாவது முறையாக ஒரு பெண் தலைவலி என்று வந்திருந்தார். கலந்தாய்வு அறையில் ரெசிடென்ட் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "பரிசோதனையில ஒண்ணும் இல்ல சார். ஆனா வேற எதையோ சொல்ல வர்றாங்கன்னு தோணுது. இன்னிக்குச் சொல்லிடுவாங்கன்னு நினைக்கிறேன்." எனக்குக் கேட்டது 'தலைவலி', 'மூன்றாவது முறை' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. "வாங்க, நான் பாக்குறேன்" என்று எழுந்தேன்.

உள்ளே போனதும் ரெசிடென்ட் தன் நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். அவர் போய் எடை பார்க்கும் கருவியின் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நின்றார். நான் வேகமாகக் கேட்டேன்: எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, வெளிச்சம் பட்டால் கூடுகிறதா. கண்ணுக்குள் பார்த்தேன், பி.பி. பார்த்தேன். நாலைந்து நிமிடத்தில் முடிந்தது. டென்ஷன் தலைவலி, மாத்திரை, தூக்கத்துக்கு நாலு யோசனை. அந்தப் பெண் கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். எழும்போது சுவரோரம் நின்ற ரெசிடென்ட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லபடியாகக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த முறை அந்தப் பெண் வரவேற்பறையில் "பெரிய டாக்டர்கிட்டயே காட்டணும்" என்று கேட்டு என்னிடம் வந்தார். வந்து தலைவலியைப் பற்றி மட்டும் பேசினார். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். பிறகு வரவே இல்லை. எட்டு மாதம் கழித்து மணிக்கட்டு முறிந்து அவசரப் பிரிவில் சேர்ந்தார். வீட்டில் கணவர் பல வருஷமாக அடிப்பதை அங்கே ஒரு நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். மூன்று சந்திப்புகளாக அந்த ரெசிடென்ட் பொறுமையாகத் திறந்துகொண்டிருந்த கதவு அது. நான் நாலைந்து நிமிடத்தில் சாத்திவிட்டேன்.

குடும்ப மருத்துவத்தில், ஒரே மருத்துவர் ஒரே நோயாளியை வருஷக்கணக்கில் பார்த்துவரும் தொடர்ச்சிதான் கருவி. கனடாவில் இந்தத் துறையின் முதல் பேராசிரியராக 1968-இல் பொறுப்பேற்ற இயன் மெக்வின்னி இதையேதான் வலியுறுத்தி வந்தார். குடும்ப மருத்துவரின் பொறுப்பு ஒரு உறுப்போடோ நோயோடோ முடிவதில்லை, அந்த மனிதரோடு இருக்கிறது என்பார். நார்வேயில் 2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 வருஷத்துக்கு மேல் பார்த்துவந்தவர்களை ஒரு வருஷப் பழக்கமே உள்ளவர்களோடு ஒப்பிட்டார்கள். வழக்கமான நேரத்துக்கு வெளியே அவசர சந்திப்பு, அவசர ஆஸ்பத்திரிச் சேர்க்கை, இறப்பு மூன்றுக்குமான வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருந்தது. தொடர்ச்சி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இவ்வளவு மதிப்புள்ள ஒன்றை ரெசிடென்ட் கட்டத் தொடங்கும்போது ஆசிரியரே இடிப்பது என்ன நியாயம்?

ஏன் இடிக்கிறோம் என்றும் எனக்குத் தெரியும். நம் கை வைத்தியம் செய்து பழகியது. மூத்தவர் உள்ளே வந்ததும் நோயாளியின் கண் தானாக அவர் பக்கம் திரும்பும், அது நமக்குப் பிடித்தும் இருக்கும். வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். நோயாளியின் பாதுகாப்புக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வசதி.

இப்போது நான் செய்வது இது. கதவுக்கு வெளியே நின்று ரெசிடென்ட்டிடம், "நான் உள்ள வந்து என்ன செய்யணும்?" என்று கேட்கிறேன். இதயத்தில் கேட்கும் கூடுதல் ஒலியை (மர்மர்) கேட்க வேண்டுமா, தோல் தடிப்பைப் பார்க்க வேண்டுமா, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா? சொன்ன வேலையை மட்டும் செய்வேன். மருத்துவர் நாற்காலியில் ரெசிடென்ட்தான் உட்கார வேண்டும். எனக்குத் தனியாக ஒரு ஸ்டூல், நோயாளியின் நேர்ப்பார்வையில் படாமல் கொஞ்சம் பக்கவாட்டில். நோயாளி என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டால், "உங்க டாக்டர் இதைப் பத்தி நல்லா யோசிச்சிருக்காங்க, அவங்களே சொல்லட்டும்" என்று திருப்பிவிடுவேன். ரெசிடென்ட்டுக்கு முன்னால் நான் வெளியே வந்துவிடுவேன். அன்றைய சந்திப்பை முடித்துவைப்பது அவர்தான்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. வேர்த்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்திருப்பவர், துவண்டு கிடக்கும் குழந்தை, மூச்சு வாங்கிப் பேச முடியாதவர். அங்கே தயங்காதீர்கள். "இப்போ நான் எடுத்துக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். நிலைமை அடங்கியதும் அதே மாதிரி வாய்விட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

பயந்து அறைக்குள்ளேயே போகாமல் இருப்பது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிலர் இந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கேஸ் சொல்லும் அழகை வைத்தே மதிப்பெண் போடுகிறார்கள். தெரிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று தெரிந்திருப்பது, செய்துகாட்டுவது, நிஜத்தில் செய்வது எனத் திறமையை நாலு அடுக்காக 1990-இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் பிரித்துக் காட்டினார். கலந்தாய்வு அறையில் நமக்குத் தெரிவதெல்லாம் கீழ் இரண்டு அடுக்குகள்தான். கோர்வையாகப் பேசும் ரெசிடென்ட் ஒருவர் வயிற்றைச் சட்டைக்கு மேலேயே அமுக்கிப் பார்ப்பதை, அவர் சேர்ந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் நான் கண்டேன். மாதத்துக்கு இரண்டு சந்திப்பையாவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து பாருங்கள். நோயாளி சம்மதித்தால் வீடியோ எடுத்துவைத்துப் பிறகு சேர்ந்து பார்க்கலாம்.

ரெசிடென்ட் எழுதிய மருந்தை அவருக்குச் சொல்லாமல் மாற்றுவது

செய்யாதீர்கள்.

"நல்லா பண்ணினீங்க" என்று அனுப்பிவைப்பது

எது நன்றாக இருந்தது? "அந்த அம்மா அழ ஆரம்பிச்சதும் டைப் பண்றதை நிறுத்திட்டு, கீபோர்டைத் தள்ளி வெச்சீங்க. அதுக்கப்புறம்தான் அவங்க பேசினாங்க." இப்படிச் சொன்னால் ரெசிடென்ட் அதை மறுபடியும் செய்வார். வெறும் பாராட்டை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. திருத்தும்போதும் அப்படித்தான். "தொடர்பாடல் போதாது" என்று ஆறு மாதம் கழித்துப் படிவத்தில் எழுதுவதற்குப் பதிலாக, அன்றைக்கே, தனியாக, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக் கண்ணோடு பாடம் நடத்துவது

நம்மில் பலர் படித்ததெல்லாம் வார்டுகளில். அங்கே தலைவலி என்று படுத்திருப்பவர் ஏற்கெனவே நாலு சல்லடையில் சலிக்கப்பட்டு வந்தவர். கெர் வைட் என்ற மருத்துவ ஆய்வாளரும் சகாக்களும் 1961-இல் ஒரு கணக்குக் காட்டினார்கள். பெரியவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு முடியாமல் போகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வரை போகிறவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரை வைத்துக் கற்ற பாடத்தைத்தான் அந்த 250 பேருக்கும் நாம் பயன்படுத்தச் சொல்கிறோம்.

அதன் விளைவு, ஒவ்வொரு தலைவலிக்கும் ஸ்கேன், ஒவ்வொரு சோர்வுக்கும் இருபது ரத்தப் பரிசோதனை. ரெசிடென்ட் எட்டு வகை அரிய நோய்களைப் பட்டியல் போட்டால் மகிழ்ந்துபோகும் ஆசிரியர்கள், "ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்னு நினைக்கிறேன்" என்று அவர் சொன்னால் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறார்கள். பொறுத்துப் பார்ப்பதும் ஒரு பரிசோதனை. ஆனால் அதை முறையாகச் செய்ய வேண்டும். எதை எதிர்பார்க்கிறோம், எத்தனை நாளில் சரியாக வேண்டும், எந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்ற மூன்றையும் நோயாளியிடம் சொல்லி, குறிப்பிலும் எழுத வேண்டும். ரெசிடென்ட் அந்த மூன்றையும் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவது

"எனக்குத் தெரியல, சேர்ந்து பாப்போம்." பழகிக்கொள்ளுங்கள்.

நோயாளி இறந்த பிறகு சிகிச்சையை மட்டும் பேசுவது

குடும்ப மருத்துவத்தில் இறப்பவர் பெரும்பாலும் பழகியவராக இருப்பார். ரெசிடென்ட் அவருடைய பேரக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டிருப்பார். நாமோ பொட்டாசியம் எவ்வளவு இருந்தது, எப்போது ரெஃபர் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போகிறோம். முதல் வருஷத்தில் நோயாளியை இழந்த ரெசிடென்ட் ஒருவர், அதன் பிறகு முற்றிய நோயுள்ளவர்களைச் சத்தமில்லாமல் மற்றவர்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். நாங்கள் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது.

லண்டனில் 1950-களில் மைக்கேல் பாலின்ட் என்ற மனப்பகுப்பாய்வாளர் பொது மருத்துவர்களைக் கூட்டி உட்காரவைத்து, நோயாளியோடு அவர்களுக்குள்ள உறவைப் பற்றிப் பேசவைத்தார். அந்த வடிவம் இன்றும் பல பயிற்சித் திட்டங்களில் நடக்கிறது. ஒருவர் தாளைப் பார்க்காமல் தன் நோயாளியைப் பற்றிச் சொல்வார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார். யாரும் யோசனை சொல்லக் கூடாது. மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம். இதற்கு ஒதுக்கிய நேரத்தில் வேறு வகுப்பை நுழைக்காதீர்கள். இதுதான் முதலில் ரத்தாகும், எல்லா இடத்திலும் பார்த்துவிட்டேன்.

கடைசி நாளில் நோயாளிகளை யாரிடமும் ஒப்படைக்காமல் அனுப்புவது

பயிற்சி முடித்து ரெசிடென்ட் கிளம்பும்போது நூற்றுக்கணக்கான நோயாளிகள் ஒரே வாரத்தில் தங்கள் மருத்துவரை இழக்கிறார்கள். பெயர்களை மொத்தமாகப் புதியவர் கணக்கில் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே ரெசிடென்ட்டோடு உட்கார்ந்து, யார் யாரை விட்டால் ஆபத்து என்று ஒரு பட்டியல் எடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், தற்கொலை எண்ணம் இருந்தவர்கள், பயாப்சி முடிவுக்குக் காத்திருப்பவர்கள், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள். இவர்களுக்கு மட்டுமாவது பழைய மருத்துவரும் புதிய மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சந்திப்பு நடக்கட்டும். குறிப்பில் மருந்துகளோடு இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இவர் இன்னும் சொல்லாமல் வைத்திருப்பதாக உங்களுக்குத் தோன்றுவது என்ன?