பம்ப் ஓடியது, தண்ணீர் வரவில்லை

பாலைவனப் பாதையில் மூன்றாம் நாள் மாலை. வீட்டு வசதிகள் கொண்ட எங்கள் மோட்டார்ஹோம் வண்டியில் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. 12 வோல்ட் பம்ப் மட்டும் நிற்காமல் ஓடியது. தொட்டியில் பாதித் தண்ணீர் இருப்பதாக அளவுகாட்டி சொன்னது. நம்பாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன்; இருந்தது.

பம்ப் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். நல்லவேளை, கழற்றவில்லை. சவ்வு அசைந்து இயங்கும் இந்த டயாஃப்ரம் பம்ப் முதலில் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்றைத்தான் இழுக்கும். எங்கள் வண்டியில் தொட்டி பம்புக்குக் கீழே இருப்பதால் அங்கே சொட்டுக்கூட வெளியே வராது. நான் அரை மணி நேரம் ஈரத்தைத் தேடியது வீண்.

கடைசியில் பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியில் கை வைத்தேன். மூடி லொடலொடவென்று ஆடியது. இரண்டு நாளாக அலை அலையான மண் சாலையில் வண்டி அதிர்ந்த அதிர்ச்சி அப்படி! உள்ளே ரப்பர் வளையத்தில் மணல். வளையத்தைக் கழுவி, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி, மூடியைக் கையாலேயே இறுக்கினேன். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். இணைப்புக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளாம்ப்பையும் அரைச் சுற்று முடுக்கினேன்.

குழாய் இரண்டு முறை இருமியது. அப்புறம் தண்ணீர். குழாயை மூடியதும் பம்ப் தானாக நின்றது. அந்த அமைதியைக் கேட்ட பிறகுதான் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.